காமிரா நிற்கும் வாசல்

சென்னையில் அந்நாளைய சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய ஏனுகுல வீராசாமி என்னும் பெரியவர் 1830ஆம் ஆண்டு மே மாதம் காசிக்குப் புறப்பட்டார். பல்லக்கு, சுமைதூக்குவோர், கூடாரம், சமையல் சாமான் என்று ஒரு சிறு ஊரே அவருடன் நகர்ந்தது. திரும்பி வந்து சேர்ந்தது 1831 செப்டம்பரில். பதினைந்து மாதங்களுக்கும் மேலான அந்தப் பயணத்தில் எந்தச் சத்திரத்தில் தண்ணீர் நன்றாயிருந்தது, எந்த ஆற்றை எப்படிக் கடந்தார்கள், எந்த ஊரில் அரிசி கிடைக்கவில்லை என்பதையெல்லாம் அவர் தெலுங்கில் நாள்தோறும் எழுதி வைத்தார். போக முடியாதவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காகவே அந்த நாட்குறிப்பு 1838இல் நூலாக அச்சேறியது.

போய் வந்தவர் போகாதவருக்கு வழி சொல்வது நம் நாட்டில் புதிதன்று. தமிழில் அதற்கென்றே ஆற்றுப்படை என்றோர் இலக்கிய வகை இருக்கிறது. முருகனிடம் செல்ல விரும்பும் அடியவனுக்கு நக்கீரர் ஆறு படைவீடுகளையும் காட்டியது அந்த வகையில்தான். இன்று வீட்டுக் கூடத்தில், சாய்வு நாற்காலிக்கு எதிரே, அரை மணி நேரத்தில் காசியையும் கயிலை மலையடிவாரத்தையும் கொண்டுவந்து நிறுத்துகிற தொலைக்காட்சிப் பயணத் தொடர்களை அந்த ஆற்றுப்படையின் பேரப்பிள்ளைகள் என்று சொன்னால் தவறாகாது.

கொங்கு நாட்டு வீடுகளுக்கு இந்தப் பேரப்பிள்ளைகள் சற்றுத் தாமதமாகத்தான் வந்தார்கள். சென்னையில் 1975இலேயே தூர்தர்ஷன் நிலையம் தொடங்கிவிட்டாலும், ஈரோடு, பவானி, அந்தியூர்ப் பக்கங்களில் கொடைக்கானல் ஒளிபரப்பு வந்த பிறகுதான் மொட்டைமாடிகளில் ஆண்டெனாக்கள் முளைத்தன. காற்றடித்தால் ஒருவர் மாடியேறிக் கம்பியைத் திருப்ப, மற்றொருவர் கீழிருந்து "இப்பத் தெரியுது, விட்டுருங்க" என்று குரல் கொடுப்பார். 1990இல் தொடங்கிய 'சுரபி' நிகழ்ச்சி இந்தியில் இருந்தும் இங்கே பார்க்கப்பட்டது. மொழி புரியாவிட்டாலும் ராஜஸ்தானத்துக் கிணற்றுக்கும் ஒடிசா ரதத்துக்கும் மொழி தேவைப்படவில்லை. பின்னர் கேரளத்திலிருந்து 2001இல் தொடங்கிய 'சஞ்சாரம்' வந்தது. சந்தோஷ் ஜார்ஜ் குளங்கரா தாமே காமிராவைச் சுமந்து நாடு நாடாகச் சென்ற தொடர் அது. பாலக்காட்டுக் கணவாயின் இப்பக்கத்தில் இருப்பவர்களுக்கு மலையாளம் பாதி புரியும். மீதியைப் படம் சொல்லிவிடும்.

வெளிநாட்டுத் தொடர்களில் மைக்கேல் பாலின் என்ற ஆங்கிலேயர் 1988இல் பிபிசிக்காக எண்பது நாளில் உலகைச் சுற்றிய பயணம் பெரும் புகழ் பெற்றது. ஷூல் வெர்ன் எழுதிய பழைய கதையின் நாயகனைப் போல அவரும் விமானம் ஏறுவதில்லை என்று உறுதி பூண்டார். துபாயிலிருந்து பம்பாய்க்குக் குஜராத்தி மாலுமிகள் செலுத்திய சிறு மரக்கலத்தில், திறந்த தளத்தில் படுத்து, அவர்கள் சமைத்ததை உண்டு, பல நாள் கடலில் வந்தார். பம்பாயிலிருந்து ரயிலேறிச் சென்னை வந்து, இங்கிருந்து சரக்குக் கப்பலில் சிங்கப்பூர் போனார். வசதியான படகில் சுற்றிக்காட்டும் நூறு நிகழ்ச்சிகள் மறந்துபோனாலும் அந்த மரக்கலம் பார்த்தவர் மனத்தில் நின்றுவிட்டது. வழியில் பட்ட சிரமம் கண்ணுக்குத் தெரிந்தது என்பதே காரணம். யாத்திரையின் இலக்கணம் அறிந்த நம்மவர்க்கு இதில் வியப்பில்லை.

ஆனால் எல்லாத் தொடர்களும் அப்படியில்லை. இறங்கிய இடமெல்லாம் இட்லி, ஏறிய இடமெல்லாம் பிரியாணி என்று உண்டு காட்டுவதற்கென்றே ஊர் ஊராகப் போகிறவர்கள் உண்டு. எந்தக் கோயிலுக்குப் போனாலும், கல்வெட்டு என்ன சொல்கிறது என்று திரும்பியும் பாராமல், "இரண்டாயிரம் ஆண்டு பழமையானது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறவர்களும் உண்டு.

காமிரா எதைக் காட்டும், எதை விட்டுவிடும் என்பது அந்தியூர்க்காரர்களுக்கு வேறு எவரையும்விட நன்றாகத் தெரியும். ஆண்டுதோறும் ஆடியில் புதுப்பாளையம் குருநாதசுவாமி திருவிழாவின்போது காமிராக்கள் அவர்கள் ஊருக்கே வந்துவிடுகின்றன. குதிரைச் சந்தைக்காக வருகின்றன. வடநாட்டுக் காத்தியவாரும் மார்வாரியும் நின்று ஆடும்; பர்கூர் மலையிலிருந்து செந்நிற உடலில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட மாடுகள் இறங்கி வரும்; ஒரு குதிரைக்கு எத்தனை லட்சம் விலை சொன்னார்கள் என்பது அன்றிரவே செய்தியாகிவிடும். ஆனால் குருநாதசுவாமியும் பெருமாளும் காமாட்சியம்மனும் மடப்பள்ளியிலிருந்து புறப்பட்டு, மகமேருத் தேர்களை அடியவர்கள் தோளில் சுமக்க வனக்கோயிலுக்குப் போவது அந்தச் செய்தியில் நான்கு விநாடி வந்தால் அதிகம். தோளில் காய்ப்பேறிய தழும்பு படத்தில் தெரிவதேயில்லை. திருவிழாவுக்கு வந்தது சந்தை; சந்தைக்கு வந்ததன்று திருவிழா. தொலைக்காட்சியில் மட்டும் பார்ப்பவர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார். தம் ஊர் இப்படித் தெரிகிறது என்றால், படத்தில் பார்க்கும் மற்ற ஊர்களும் இப்படித்தானே இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பது நல்லது.

வெளிநாட்டுக் கோயில்களைக் காட்டும் நிகழ்ச்சிகளைப் பார்க்கையில் இன்னொன்றும் புலப்படும். கம்போடியாவின் அங்கோர் வாட், இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டில் திருமாலுக்கு எழுப்பியது. ஜாவாவின் பிரம்பானன் 9ஆம் நூற்றாண்டுச் சிவாலயம். அதன் சுற்றில் இராமாயணம் முழுவதும் கல்லில் ஓடுகிறது. இவ்விரண்டிலும் காமிரா தடையின்றி நுழைகிறது, படியேறுகிறது, கருவறைக்குள்ளேயே போய் விளக்குப் போட்டுச் சுற்றிக் காட்டுகிறது. நம் ஆலயங்களில் நடப்பது போன்ற நித்திய பூஜை அங்கே இல்லை. பூஜை உயிரோடு இருக்கும் இடங்களிலோ கொடிமரத்தைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் காமிரா நின்றுவிடுகிறது. திருமலையிலிருந்து நாள்தோறும் உற்சவங்கள் ஒளிபரப்பாகின்றன; மூலவரை மட்டும் எந்தக் காமிராவும் காட்டுவதில்லை.

பாங்காக் நகரில் இது இன்னும் நுட்பமாக இருக்கிறது. பெரிய ஊஞ்சல் மரங்கள் நிற்கும் இடத்துக்கு அருகில் தேவஸ்தானம் என்றே பெயர் கொண்ட கோயில் ஒன்று உண்டு. சுற்றுலா நிகழ்ச்சிகள் சிவந்த அந்த உயரமான ஊஞ்சல் தூண்களைத்தான் காட்டும். அதில் ஆடும் சடங்கு 1930களில் நின்றுவிட்டது. ஆனால் அரசவைப் புரோகிதர்கள் ஆண்டுதோறும் திருவெம்பாவையை இன்றும் ஓதுகிறார்கள். உச்சரிப்பு உருமாறி, ஓதுபவருக்கே பொருள் தெரியாத நிலையில் ஓதுகிறார்கள். மார்கழி விடியலில் நம் தெருவில் கேட்கும் அதே மாணிக்கவாசகர் பாட்டு! படத்தில் தூணைப் பார்த்து மகிழும் நம் பெரியவர்களில் எத்தனை பேர் அதற்குப் பக்கத்துக் கதவுக்குப் பின்னால் இருப்பதை அறிவார்கள்?

அப்படியானால் வீட்டிலிருந்து பார்ப்பது வீணா? வயது எண்பதைத் தொடுகிறது. முழங்கால் மடங்க மறுக்கிறது. பத்திரகாளியம்மன் கோயில் பங்குனிக் குண்டத்துக்குப் போய் நிற்பதற்கே துணைக்கு ஆள் வேண்டியிருக்கிறது. அத்தகையவர்க்குத் திரையில் வரும் இமயம் வெறும் பொழுதுபோக்குத்தானா? இதற்கு விடை திருக்காளத்தியில் இருக்கிறது.

திருஞானசம்பந்தர் காளத்திக்கு வந்தபோது, வடக்கே இருக்கும் கேதாரம், திருப்பருப்பதம் முதலான தலங்களை அங்கிருந்தபடியே பாடினார் என்கிறது பெரியபுராணம். சுந்தரரும் அவ்வாறே காளத்தியில் இருந்துகொண்டு கேதாரத்தைப் பாடினார். இராமேசுவரக் கரையில் நின்று ஈழத்துத் திருக்கேதீச்சரத்தைப் பாடியதும் அவர்களே, கடல் கடக்கவில்லை. கால் பதியாத தலங்கள் பாடல் பெற்ற தலங்களாயின. அதே காளத்திக்கு அப்பரடிகளும் வந்தார். அவருக்கோ தென்கயிலையைக் கண்டதும் வடகயிலையைக் காணும் ஆசை மூண்டது. முதுமையில், காடும் மலையும் கடந்து, கால் தேய்ந்தபின் கையால் தவழ்ந்து, கையும் தேய்ந்தபின் மார்பால் ஊர்ந்து, இனி அசைய முடியாது என்னும் நிலையில்தான் இறைவன் அவரைத் தடுத்து, பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றில் கயிலைக் காட்சி கொடுத்தான்.

ஒரே இடம், இருவர் நின்று பாடினார்கள், ஒருவர் நடந்தார். எவரையும் குறைவாகச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் நின்றவர்கள் வெறுமனே நிற்கவில்லை, பதிகம் பாடினார்கள். நடந்தவருக்கு வீட்டுக்கு அருகிலேயே காட்சி கிடைத்தது உண்மைதான். உடம்பில் இருந்ததெல்லாம் செலவழிந்த பின்பே கிடைத்தது. முழங்கால் தேய்ந்த முதியவர் சம்பந்தர் வழியைக் கைக்கொள்ளலாம். முப்பது வயதுப் பிள்ளை அதே நாற்காலியில் சாய்ந்து, "பார்த்தாயிற்று" என்று சொல்வதற்கு எந்தப் புராணத்திலும் சான்று இல்லை.

அந்தியூரில் ஒரு மூதாட்டி இருக்கிறார். பவானி சங்கமேசுவரர் கோயில் கூடுதுறையில் ஆடிப்பெருக்குக்கு நீராடுவதைத் தவிர வேறு பெரிய யாத்திரை அறியாதவர். கேதாரத்தைப் பற்றி ஏதோ ஒரு சேனலில் வந்த நிகழ்ச்சியை, 2013க்கு முன்பு, வீட்டில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தே அவர் வழியை மனப்பாடம் செய்துவிட்டார். கௌரிகுண்டத்தில் வெந்நீர் ஊற்று, ராம்பாடாவில் தேநீர்க் கடைகள், பிறகு கருட்சட்டி, அப்புறம் பனிமலைக்கு முன்னால் கோயில் என்று பவானி ரோட்டைச் சொல்வது போலச் சொல்லுவார்.

2013 ஜூன் 16, 17 தேதிகளில் மந்தாகினியில் வெள்ளம் வந்தது. கோயிலுக்குப் பின்னே உருண்டு வந்து நின்ற பெரும்பாறை வெள்ளத்தை இருபுறமும் பிரித்துவிட, ஆலயம் நின்றது, சுற்றியிருந்தவை போயின. ராம்பாடா என்ற ஊரே இல்லாமற்போயிற்று. ஆற்றின் மறுகரையில் புதிய பாதை போட்டார்கள். 14 கிலோமீட்டராக இருந்த நடை 16 ஆயிற்று. ஊரெல்லாம் கோயில் பிழைத்த அற்புதத்தைப் பேசிக்கொண்டிருக்க, மூதாட்டி கேட்டது வேறு: "அந்த டீக்கடைக்காரரு என்ன ஆனாருன்னு தெரியலீங்களே?" நிகழ்ச்சியில் ஒரு நிமிடம் வந்து, காமிராவைப் பார்த்துச் சிரித்து, கண்ணாடித் தம்ளரை நீட்டியவர். அவரைப் பற்றி யார் என்ன சொல்ல முடியும்? அந்தப் பதிவை அதன் பிறகு அவர் போடச் சொல்லவில்லை. பூஜை முடிந்ததும், பெயர் தெரியாத ஒருவருக்காகவும் ஒரு பூ எடுத்து வைப்பதை வீட்டார் கவனித்தார்கள்.

சில ஆண்டுகள் கழித்து அவருடைய மகள் வயிற்றுப் பேரன், கோவையில் வேலை பார்ப்பவன், விடுமுறைக்கு வந்தபோது பேச்சு கேதாரத்தின் மேல் திரும்பியது. "அதான் டிவிலயே நூறு தடவ பாத்துட்டீங்களே அமுச்சி" என்றான்.

"பாத்ததெல்லாம் வழியத்தாங் கண்ணு. கதவுக்கு முன்னால நந்தி இருக்குது, அதோட நின்னு போச்சு. உள்ள சாமி எப்படி இருக்குதுன்னு ஒருத்தருங் காட்டலயே."

அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த வைகாசியில் நண்பர்கள் இருவருடன் புறப்பட்டுப் போனான். 3,583 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்க நின்றபோது ஊருக்குத் தொலைபேசியில் அழைத்துப் படம் காட்ட முயன்றிருக்கிறான், தொடர்பு கிடைக்கவில்லை. திரும்பி வந்து அமுச்சியின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, உள்ளே லிங்கம் நம் ஊர்களில் இருப்பது போல உருண்டையாக இல்லை என்றும், முக்கோணமாக ஒரு பாறை மேடு என்றும், பாண்டவர்க்குக் காளை வடிவில் மறைந்த பெருமானின் திமில் என்று சொன்னார்கள் என்றும் விவரித்தான். காலை வேளையில் யாத்திரிகர்களே அருகில் போய்த் தொடலாம் என்றும், தன் கையாலேயே நெய்யை எடுத்துப் பாறைமேல் தடவினான் என்றும் சொன்னான்.

"உங்கையிலயேவா?" என்று கேட்டார்.

"ஆமாங்க அமுச்சி. இந்தக் கையிலதான். சில்லுன்னு இருந்துச்சுங்க."

மூதாட்டி அவனுடைய வலக்கையை இழுத்து, விரித்து, உள்ளங்கையைத் தம் இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு நெய் எந்த ஊரில் வாங்கினான், ராம்பாடாவில் இப்போது ஏதாவது கடை இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கினார்.