குந்திய நிலையில் ஒரு வாள்

சண்டை விளையாட்டு என்றால் திரையின் மேற்புறத்தில் இரண்டு கோடுகள் இருக்கும். இந்தப் பக்கத்து வீரனுக்கு ஒன்று, அந்தப் பக்கத்து வீரனுக்கு ஒன்று. அடி விழ விழக் கோடு தேயும். தேய்ந்து முடிந்தால் ஆள் சரிவான். 1991இல் வந்த ‘ஸ்ட்ரீட் பைட்டர் 2’ முதல் பின்னால் வந்த ‘டெக்கன்’ வரை இதுதான் சட்டம். முகத்தில் இருபது குத்து வாங்கியவனும், கோட்டில் ஒரு நூலளவு மிச்சமிருந்தால், சண்டை தொடங்கியபோது நின்றதுபோலவே துள்ளிக்கொண்டு நிற்பான். அவனுக்கு எங்கும் நோவதில்லை.

1997 மார்ச்சில் யப்பானில் வெளியான ‘புஷிடோ பிளேட்’ அந்தக் கோட்டை அழித்துவிட்டது. லைட்வெயிட் என்ற நிறுவனம் தயாரித்து, ஸ்குவெயார் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்கு வெளியிட்ட விளையாட்டு அது. அதே ஸ்குவெயார் அதே ஆண்டு ஜனவரியில் ‘பைனல் பேன்டஸி 7’ஐ வெளியிட்டிருந்தது, உலகம் அதன் பின்னால் போயிற்று. புஷிடோ பிளேடுக்கு 1998இல் ஓர் இரண்டாம் பாகம் வந்தது, அத்தோடு அந்தப் பெயர் நின்றுவிட்டது. இலக்கியச் சஞ்சிகையில் வீடியோ கேமுக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் இருப்பார்கள். பொறுத்துக்கொள்ளட்டும்.

இதில் கோடும் இல்லை, மணிக்கூடும் இல்லை. வாள் உயிர்நிலையில் பட்டால் ஒரே வெட்டு, ஆட்டம் முடிந்தது. கையில் பட்டால் அந்தக் கை பலமிழந்து வீச்சு தாமதமாகும். காலில் பட்டால் ஓட்டம் குறையும், ஆள் குந்திவிடுவான், எழும்ப மாட்டான். அந்த நிலையிலேயே நகர்ந்து நகர்ந்து மிச்சச் சண்டையை நடத்த வேண்டும். ஆறு வீரர்கள், எட்டு ஆயுதங்கள். கட்டானா, நாகினாட்டா, ஐரோப்பிய ரேப்பியர், கடைசியில் ஒரு பெரிய சம்மட்டியும் உண்டு. யாரும் எதையும் தூக்கலாம். ஆனால் தூக்குகிறவனின் பலத்துக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப ஆயுதம் பேசும். வாளை மேலே, நடுவே, கீழே என மூன்று நிலைகளில் பிடிக்கலாம். இரண்டு பேர் பிடியை மாற்றிக்கொண்டே, ஒருவரையொருவர் பார்த்தபடி, ஒன்றுமே செய்யாமல் நிற்பார்கள். பார்த்துக்கொண்டிருப்பவனுக்குச் சலிப்புத் தட்டும். கையில் பிடித்திருப்பவனுக்கு உள்ளங்கை வியர்க்கும்.

நான் உயர்தரம் படித்த காலம், 1999 என்று நினைவு. எங்களூர்ச் சந்தியில் சவூதியிலிருந்து திரும்பிய ஒருவர் இரண்டு பிளேஸ்டேஷன் பெட்டிகளை வைத்து ஒரு கடை போட்டிருந்தார். அரை மணித்தியாலத்துக்குப் பத்து ரூபா. அங்கிருந்த புஷிடோ பிளேட், யப்பான் எழுத்து மட்டுமே வரும் இறுவட்டு. தனியாளாக விளையாடும் கதைப் பகுதியில் ஒரு மர்மம் இருந்தது. எதிரியை வென்றுகொண்டே போவோம். திடீரென்று படம் நின்று, யப்பான் எழுத்தில் சில வரிகள் வரும், விளையாட்டு முடிந்துவிடும். இறுவட்டில் கீறல் என்பது கடைக்காரரின் முடிவு. சாரன் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

கீறலில்லை என்று கண்டுபிடித்தவர் என் காக்கா. அவர் விளையாட மாட்டார், மூலையில் கிடந்த கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். நாலைந்து நாள் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: “முதுகில வெட்டினாத்தான்டா அது நிக்கிது.”

உண்மைதான். எதிரி தலைகுனிந்து வணங்கும்போது வெட்டினாலும், கண்ணில் மண்ணை வாரி எறிந்தாலும், முதுகில் வெட்டினாலும் அந்த விளையாட்டு உங்களைக் கண்டித்து வெளியே அனுப்பிவிடும். மண் எறிவதற்கும் முதுகில் வெட்டுவதற்கும் வசதியைத் தானே செய்துகொடுத்துவிட்டுப் பிறகு கண்டிக்கிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த சூட்சுமம். தடுத்துவைத்திருந்தால் அது வெறும் சுவர். இங்கே செய்ய முடிகிறது; செய்தவன்தான் பொறுப்பு. எங்கள் பக்கத்துச் சீனடி, சிலம்படியில் கம்பெடுத்தவன் முதலில் சலாம் செய்வதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, அந்த யப்பான் எழுத்து வாசிக்கத் தெரியாமலே விளங்கிவிட்டது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். ‘புஷிடோ’ என்ற சொல்லைக் கேட்டதும் மெய்சிலிர்க்கத் தேவையில்லை. இன்று உலகம் அறிந்த புஷிடோவின் பெரும்பகுதி, இனாசோ நிட்டோபே ஆங்கிலத்தில் எழுதிய நூலின் வழியே பரவியது. பழைய சாமுராய்கள் எல்லோரும் அப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கில்லை. அந்தப் பெயரையே பின்னர் யப்பானிய இராணுவவாதிகள் எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்பது இரண்டாம் உலகப்போரின் கதை. அறத்தின் பெயரை வைத்துக்கொண்டு வாளைத் தூக்கியவர்களை நம்பக்கூடாது என்று நாமும் அனுபவப்பட்டவர்கள்தான். ஆனால் பதினெட்டு வயதுப் பொடியனின் கையில் இருந்த ஒரு விளையாட்டு ‘இப்படி வென்றால் அது வெற்றியில்லை’ என்றது. வேறெந்த விளையாட்டும் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை.

இனி காக்காவின் கால். 1990 ஆகஸ்டில் கிழக்கில் நம்மவர்களுக்கு என்ன நடந்தது என்பதை இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. காக்காவுக்கு அப்போது பதினேழு வயது, எனக்கு ஒன்பது. அவருடைய வலது முழங்காலில் குண்டு பட்டது. கால் போகவில்லை, ஆனால் மடிப்பதில்லை. கதிரையில் இருந்துதான் தொழுவார். அந்த இரவைப் பற்றி வீட்டில் அவர் வாய்திறந்து நான் கேட்டதில்லை.

விளையாட்டில் முதன்முதலாக ஒருவன் காலில் வெட்டுப்பட்டுக் குந்தியதைக் கண்டபோது அவர் சிரித்தார். “எனக்குக் குந்த ஏலா. இவன் குந்திக்கிட்டே வெட்டுறான் பாரு.” அன்றுதான் கையை நீட்டி விளையாட்டை வாங்கினார். பிறகு விடவில்லை.

இருவர் மோதும் பகுதியில் முதுகுச் சட்டம் செல்லாது. யாரும் யாரையும் எப்படியும் வெட்டலாம். எங்கள் கடையில் நாங்களாகவே அதைச் சட்டமாக்கிக்கொண்டோம். காக்கா வந்து உட்கார்ந்ததும் பொடியன்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்கள்: குந்தியவனை வெட்டுவதில்லை, அந்தச் சுற்றை விட்டுவிடுவது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருடைய ஆள் குந்தினால் எதிரில் இருப்பவன் கையை எடுத்துவிடுவான். இரண்டு மூன்று முறை பார்த்தார். நாலாம் முறை முகம் கறுத்துவிட்டது.

“பின்னால வராட்டிச் சரி. முன்னால வந்து வெட்டு. எனக்கெண்டு ஒண்டும் விட்டுத்தர வேணாம்.”

கடை அமைதியாகிவிட்டது. எதிரில் இருந்தவன் என் வகுப்புக்காரன். தயங்கித் தயங்கி முன்னால் கொண்டுபோனான். காக்காவின் ஆள் குந்தியபடியே வாளைக் கீழ்ப்பிடியில் வைத்து ஒரு வீச்சு வீசினான். வந்தவனின் கதை முடிந்தது. அதன்பிறகு அவரிடம் யாரும் இரக்கத்தோடு வரவில்லை, பயத்தோடு வந்தார்கள். அந்தப் பயம் அவருக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பது எனக்கு ஆசிரியர் கலாசாலைக்குப் போய், ஊனமுற்ற பிள்ளைகளை வகுப்பில் நடத்துவது பற்றிய பாடத்தில் இருந்தபோதுதான் விளங்கத் தொடங்கியது. புத்தகத்தில் அதற்கு நீண்ட பெயர்கள் இருந்தன.

சென்ற விடுமுறையில் மகன் தன் மடிக்கணினியில் பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை இயக்கும் மென்பொருளைப் போட்டிருந்தான். ஆங்கிலப் பதிப்பு கிடைத்தது. இருபத்தைந்து வருடத்துக்குப் பின் பார்க்கையில் குறைகள் தெரியத்தான் செய்கின்றன. முகங்கள் கோடரியால் செதுக்கியவை போலிருக்கின்றன. கதைப் பகுதி சின்னது. வீரனின் கண்ணால் பார்த்து விளையாடும் ஒரு முறை உண்டு. தலைசுற்றலைத் தவிர அதில் ஒன்றுமில்லை. நூறு எதிரிகளை வரிசையாக வெட்டித்தள்ளும் பகுதி, ஓர் உயிரின் எடையைக் காட்ட வந்த விளையாட்டில் ஏன் சேர்க்கப்பட்டதென்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் மூங்கில் காட்டில் வாள் பட்டு மூங்கில் சரிவதும், சண்டையிலிருந்து விலகி அடுத்த வெளிக்கு ஓடிவிட முடிவதும் இன்றைய விளையாட்டுகள் பலவற்றில் இல்லாத சுதந்திரம்.

மகன் முதல் சண்டையில் ஐந்து வினாடியில் விழுந்தான். “என்ன வாப்பா, ஒரே வெட்டுல மௌத்தா?” என்று என்னைப் பார்த்தான். அவனுக்கு அது அநியாயமாகத் தெரிந்தது. வேறெப்படிச் சாவது என்று கேட்க வாய்வந்தது, கேட்கவில்லை.

கதைப் பகுதியின் பின்பாதியில் காட்ஸே என்றொருவன் வருவான். எல்லோரும் வாளோடு வரும் இடத்தில் அவன் மட்டும் துப்பாக்கியோடு நிற்பான். அந்தக் காலத்தில் காக்கா அவனை முதன்முதலாகக் கண்ட அன்று, காசு கட்டிய நேரம் பாதி மிச்சமிருக்க, பிடியை என்னிடம் தந்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். மூன்று நாள் கடைப்பக்கம் வரவில்லை. நாலாம் நாள் வந்து அவனோடு மட்டுமே விளையாடினார்.

காக்காவுக்கு இப்போது சீனி வருத்தம், பார்வையும் குறைவு. மகன் காட்ஸேயிடம் பத்துத் தடவை விழுந்தபின் கணினியைத் தூக்கிக்கொண்டு பெரியவாப்பாவின் வீட்டுக்குப் போனான். நானும் பின்னால் போனேன். அவர் திரையை முகத்தருகே இழுத்துப் பார்த்தார். யாரென்று தெரிந்தது.

“நேரா ஓடாத மகன். நேரா ஓடினா அவனுக்குச் சுகம். வளைஞ்சி வளைஞ்சி ஓடு, நிண்டிராத.”

மகன் அப்படியே ஓடினான். மூன்றாம் தடவையில் நெருங்கிவிட்டான்.