எல்லைக்கு இருபுறமும் ஒரே குடும்பம்

போடிநாயக்கனூரில் வாழும் எங்களுக்கு எல்லை என்பது அன்றாட வழிப்பாதை. விடியுமுன் ஜீப்பில் முந்தலைக் கடந்து, போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் உழைத்துவிட்டு, விளக்கேற்றும் நேரத்தில் இல்லம் திரும்புகிறோம். அடிவாரம் தமிழகம், மேற்சரிவு கேரளம் என்பதை நாங்கள் நினைப்பதே அரிது. ஆனால் 2020 மார்ச்சில் கொள்ளைநோய்க்காகப் போக்குவரத்து நின்றபோது, தோட்டத்திலிருந்து இராசிங்கபுரத்துக்குக் காட்டுவழியே நடந்து வந்த தொழிலாளருள் சிலர், ஒரு சிறு குழந்தை உட்பட, காட்டுத் தீயில் மாண்டனர். வீடு சேர வேண்டும் என்பதன்றி அவர்கள் விரும்பியது வேறொன்றுமில்லை.

அந்த எல்லை மீண்டும் திறந்தது. கடலுக்கு அப்பால், எங்களைப் போலவே மலைத்தோட்டங்களில் உழைத்த தமிழர்க்கு நேர்ந்த பிரிவோ தலைமுறை கடந்தும் ஆறவில்லை. 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுள் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்க இசைந்தன. தலைகளை எண்ணியவர்கள் குடும்பங்களை எண்ணவில்லை. பெற்றோர் இந்தியர், மணமான மகள் இலங்கையர் என்று ஒரே இல்லம் இரண்டுபட்டது. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற இரயிலுக்கு ‘அழுகைக் கோச்சி’ என்றே பெயர் வழங்கிற்று.

1983 கலவரத்திற்குப் பின் இங்கு அடைக்கலம் புகுந்தோருள்ளும் மலையகத் தமிழர் இருந்தனர். கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் வாழ்ந்த சிலர் தொடுத்த வழக்கில், அவர்தம் குடியுரிமை விண்ணப்பங்கள் மீது 16 வாரங்களுக்குள் முடிவெடுக்குமாறு 2019 ஜூன் 17-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை மத்திய அரசுக்கு ஆணையிட்டது.

அமெரிக்க–மெக்சிகோ எல்லையில் 2018-இல் பெற்றோரிடமிருந்து பிள்ளைகள் பிரிக்கப்பட்டபோதும் நீதிமன்றமே குறுக்கிட்டது. ஐந்து வயதுக்குட்பட்டோரை 14 நாட்களிலும், மற்றவர்களை 30 நாட்களிலும் பெற்றோரிடம் சேர்க்குமாறு ஜூன் 26-இல் நீதிபதி டேனா சப்ரா கட்டளையிட்டார். ஆயினும் இன்னார் பிள்ளை இவர் என்னும் முறையான பதிவு இல்லாமையால் பலரைச் சேர்ப்பது கடினமாயிற்று. பிரிக்க ஒரு நாள் போதும். சேர்க்கவோ சான்று வேண்டும்.

இங்கேதான் நம் கடமை தொடங்குகிறது. எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பமே அகதிகள் அனைவருக்கும் முன்மாதிரி என்று திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1952-இல் ‘எக்சுல் ஃபமீலியா’ மடலில் போதித்தார். நம் பங்கின் ஞானஸ்நான ஏட்டில் பிள்ளையின் பெயரோடு தாய் தந்தையர் பெயரும் பிறந்த நாளும் எழுதப்படுகின்றன. உறவைக் காட்டும் சான்றாக அவ்வேடு ஒருநாள் உதவக்கூடும். ஆகவே ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றின் சான்றிதழ்களை உடனே பெற்றுப் பேணுவோம். எழுதப் படிக்க அறியாத தோட்டத் தொழிலாளர்க்கும் முகாமில் வாழ்வோர்க்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுப்போம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கட்டணமின்றி வழக்குரைஞரை அமர்த்தித் தருவதையும் எடுத்துச் சொல்வோம்.

மாலைச் செபமாலையில் இப்பிரிந்த குடும்பங்களை நினைவுகூர்வோம். செபித்து எழுந்த கைகள் அவர்களுக்காக ஒரு விண்ணப்பமேனும் எழுதட்டும். அந்நிய நாட்டில் தேவமாதாவையும் குழந்தை இயேசுவையும் காத்த புனித சூசையப்பர் அவர்களைத் தம் இல்லம் சேர்ப்பாராக!