முடிவு பெறாத வரைபடம்

'வீட்டைக் கட்டிப்பார்; கலியாணத்தைச் செய்துபார்' என்பர் நம் முன்னோர். கட்டத் தொடங்கிய வீட்டை முறையாக முடித்தும் பார்க்கவேண்டும் என்பதை நாம் அண்மையில்தான் உணர்ந்தோம்.

ஆரணியில் பட்டுநூல் வணிகம் செய்தவர் நம் தந்தையார். 2008-ஆம் ஆண்டில் வீட்டின் பின்கட்டில் தறிக்கூடம் ஒன்றும், அதன்மேல் மாடியறை ஒன்றும் கட்ட அனுமதி பெற்றார். மாடியறை நம் அக்காளுக்கென்று சொல்லியே வரையப்பட்டது. மறு ஆண்டு கூடம் எழுந்தது. குழித்தறிகள் இரண்டு அமைந்தன. மாடி எழவில்லை. அதற்கென வைத்திருந்த பணம் நம் எம்.பில். படிப்பிற்குச் சென்றது. அக்காள் அதுபற்றி ஒரு சொல்லும் கூறியதில்லை, நாமும் கேட்டதில்லை.

தந்தையார் மறைந்தார். கணவரை இழந்த அக்காள் சென்ற ஆண்டு பிறந்த வீட்டிற்குத் திரும்பினார். "தம்பி, கூடத்து மூலையில் பாய் விரிக்க இடமிருந்தால் போதும்" என்றார். அச்சொல் நம்மைச் சுட்டது. மாடியறையை எழுப்பக் கடன் வேண்டி வங்கியை நாடினோம். அனுமதி காலாவதியாகிவிட்டது, கட்டியிருப்பதும் வரைபடத்தோடு ஒத்துவரவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது.

உரிமம் பெற்ற கட்டட அளவர் ஒருவர் வந்து அளந்தார். விடவேண்டிய காலியிடத்தில் பக்கச்சுவர் மூன்றடி நீண்டிருந்தது. தறிக்கு இடம் போதாதென்று தந்தையார் அன்று நகர்த்திக் கட்டியது அது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, நம்மைப் போன்றோரின் சிறு குடியிருப்புகளுக்குப் பணி நிறைவுச் சான்றிலிருந்து விலக்களிக்கின்றன. ஆயினும் வரைபடத்தை மீறியதற்கு அது மன்னிப்பாகாது என்றார் அளவர். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவின்படி 2017-இல் வந்த வரன்முறைத் திட்டமோ 2007 ஜூலை முதல் நாள் வரை எழுந்த கட்டடங்களுக்கே உரியது. நம் கூடம் ஈராண்டு பிந்தியது.

இடைத்தரகர் ஒருவர் எளிய வழி காட்டினார். "சுவரைத் தாளில் மட்டும் உள்ளே தள்ளி வரைந்துவிடலாம் சார். யார் வந்து அளக்கப் போகிறார்கள்?" உண்மையைச் சொல்வதாயின், ஓரிரவு முழுதும் நாம் தடுமாறினோம். சுவர் உள்ளே வந்தால் தறிக்குழிகளுள் ஒன்று மூடப்படும். அத்தறியில் பல்லாண்டு நெய்து வரும் பெரியவரிடம் எவ்வாறு கூறுவது?

மறுநாள் காலை அவரிடம் சொன்னோம். நாடாவை நிறுத்திவிட்டு அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அறுத்து இறக்காத சேலைக்குக் கூலி ஏது சார்? இந்தப் பாவில் இன்னும் ஒரு சேலை இருக்கிறது. அதை இறக்கியதும் சுவரை இடியுங்கள்" என்றார்.

அவ்வாறே காத்திருந்தோம். நம் செலவில் அத்தறியைப் பெரியவரின் மகன் வீட்டில் அமைத்துக் கொடுத்தோம். சுவர் மூன்றடி பின்வாங்கியது. உள்ளது உள்ளபடி வரைந்து புதிய அனுமதி பெற்றோம். இப்போது மாடிச்சுவர் சன்னல் மட்டத்தைத் தாண்டியுள்ளது.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டுப் பத்திரங்களோடு பழைய வரைபடத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கட்டியது எது, கட்டாது விட்டது எது என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நம் வீட்டு வரைபடத்தில் மாடியறைக்கு நேரே, தந்தையாரின் கையெழுத்தில் பென்சிலால் அக்காளின் பெயர் எழுதப்பட்டிருந்தது. பதினாறு ஆண்டுகள் அதனை நாம் விரித்துப் பார்த்ததில்லை.