ஆறுகள் கூடும் இடத்தில் ஒரு பொறி

வாஷிங்டனிலிருந்து வடமேற்கே சுமார் நூறு கிலோமீட்டர். ரயில் போட்டோமாக் ஆற்றைக் கடந்ததுமே ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி வந்துவிடுகிறது. ஷெனண்டோவா ஆறு போட்டோமாக்கில் கலக்கும் இடம் இது. நாம் நிற்பது மேற்கு வர்ஜீனியா. அக்கரைகளில் ஒன்று மேரிலாந்து, மற்றொன்று வர்ஜீனியா. முந்நூறு பேர்கூடக் குடியில்லாத இந்த ஊரைத் தொடாமல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கதையை யாராலும் சொல்ல முடியாது.

அடிமை முறையை ஆயுதம் ஏந்தி ஒழிக்கத் துணிந்த ஜான் பிரவுன், 1859 அக்டோபர் 16 இரவு 18 பேருடன் வந்து இங்கிருந்த அரசு ஆயுதச்சாலையைக் கைப்பற்றினார். இரண்டு நாள்கூட அது நிலைக்கவில்லை. தீயணைப்பு வண்டிக் கொட்டகைக்குள் ஒடுங்கியவரை, ராணுவ அதிகாரி ராபர்ட் லீ தலைமையில் வந்த மரைன் படை கதவை உடைத்துப் பிடித்தது. டிசம்பர் 2-ஆம் தேதி பக்கத்து ஊரான சார்லஸ் டவுனில் தூக்கிலிட்டார்கள்.

அந்தத் தோல்வி ஏன் அவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதை மேரிலாந்து ஹைட்ஸ் மலையில் ஏறினால் கண்ணாலேயே பார்க்கலாம். ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாலத்தில் ஆற்றைக் கடந்தால், கோவேறு கழுதைகள் படகு இழுத்த பழைய கால்வாய்க் கரை. அதைத் தாண்டி மலைப்பாதை செங்குத்தாக ஏறுகிறது. மூச்சு வாங்கத்தான் செய்யும். உச்சிப் பாறையில் நின்றபோது மொத்த ஊரும் காலடியில் கிடந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், சுற்றிலும் மலை. கரண்டியின் குழி போல ஓர் ஊர். உள்ளே வருவது எளிது, வெளியேற வழியில்லை. அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்து பெரும் பேச்சாளரான ஃபிரெடரிக் டக்ளஸ், சேம்பர்ஸ்பர்க் கல்குவாரியில் பிரவுனை ரகசியமாகச் சந்தித்து, அது ஒரு பொறி என்று எச்சரித்திருந்தார். போர்க்காலத்திலும் அதுவே நடந்தது. 1862 செப்டம்பரில் தென்பகுதித் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனின் பீரங்கிகள் இந்த மலைகளில் ஏறியதும், கீழே இருந்த பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வடபகுதி வீரர்கள் சரணடைந்தார்கள்.

இறங்கி வந்து தெருக்களில் நடக்கும்போது என்னை விடாமல் தொடர்ந்தவர் பிரவுன் அல்ல, அவருடன் வந்த டேஞ்சர்ஃபீல்ட் நியூபி. விடுதலை பெற்ற கறுப்பர். மனைவி ஹாரியட்டும் பிள்ளைகளும் வர்ஜீனியாவில் இன்னும் அடிமைகளாக இருந்தார்கள். அவர்களை விலைகொடுத்து மீட்கப் பார்த்தார், முடியவில்லை. பிரவுனின் ஆட்களில் முதலில் சுடப்பட்டு இறந்தவர் அவர்தான். எங்களை வேறு யாருக்காவது விற்றுவிடுவார்கள், சீக்கிரம் வாருங்கள் என்று ஹாரியட் கெஞ்சியிருந்த கடிதங்கள் அவரிடம் இருந்தன. அந்தப் படையெடுப்பில் முதல் பலியும் ஒரு கறுப்பர்தான்: ரயில் நிலையத்தில் சுமை பார்த்த ஹேவர்ட் ஷெப்பர்ட், யாருக்கும் அடிமையில்லாதவர், பிரவுனின் ஆட்கள் சுட்டதில் இறந்தார். பிரவுனை வணங்கும் எவரும் இந்தப் பெயரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆயுதச்சாலையில் போருக்குத் தப்பியது பிரவுன் ஒடுங்கிய அந்தக் கொட்டகை ஒன்றுதான். 1891-இல் அதைச் செங்கல் செங்கலாகப் பிரித்து 1893 சிகாகோ கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். பின் திரும்பி வந்து, ஊருக்குள்ளேயே இடம் மாறி, 1968-இல் பழைய இடத்துக்கு அருகில் அமர்ந்தது. பழைய இடத்தை ரயில் பாதையின் மண்மேடு மூடிவிட்டது.

ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் நடைபாதை ஊருக்குள்ளேயே போகிறது. பாறையில் செதுக்கிய படிகளில் ஏறி, செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்தையும் ஜெஃபர்சன் பாறையையும் கடந்தால், மேட்டில் ஸ்டோரர் கல்லூரி இருந்த இடம். விடுதலையான கறுப்பர்கள் படிக்க 1867-இல் தொடங்கிய கல்லூரி. நடைபாதையில் முதுகுப் பையோடு போகிறவர்கள் சற்று விலகி இங்கே வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். 1881-இல் டக்ளஸ் இங்கே வந்து ஜான் பிரவுனைப் போற்றி உரையாற்றினார். பிரவுனுக்குத் தூக்குத் தண்டனை வாங்கித் தந்த அரசு வழக்கறிஞர் ஆண்ட்ரூ ஹண்டர் அன்று அதே மேடையில் இருந்தார். உரை முடிந்ததும் டக்ளஸின் கையைப் பற்றிக் குலுக்கினார்.