திரைக்குப் பின்னால் நம் பக்கத்துப் பேனா

சினிமா என்றதும் நம் வீடுகளில் ஒரு தயக்கம் எழுகிறது. அது காரணமற்ற தயக்கம் அன்று. குடும்பத்தோடு அமர்ந்து காண இயலாத காட்சிகளும், பொழுதைத் தின்றுவிடும் மோகமும் நாம் அறிந்தவையே. எனினும் தமிழ்த்திரையின் வரலாற்றைப் புரட்டினால் நம் வட்டாரத்தின் கைரேகை அதில் அழுத்தமாகப் பதிந்திருப்பதைக் காண்கிறோம்.

திருமலைராயன்பட்டினத்திலிருந்து தெற்கே வாஞ்சூரைக் கடந்தால் நாகூர். 1958-இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்துக்குக் கண்ணதாசனுடன் சேர்ந்து வசனம் எழுதிய ரவீந்தர் அவ்வூர்க்காரர். அவருடைய இயற்பெயர் காஜா மொகிதீன். அதே நாகூரின் பெயரைத் தம் பெயரோடு சுமந்த இ.எம். ஹனிபா, 1961-இல் 'பாவ மன்னிப்பு' படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் இணைந்து பாடினார். தஞ்சை மண்ணின் அபிவிருத்தீஸ்வரத்தில் 1914-இல் பிறந்த கவிஞர் கா.மு. ஷெரீப், 'முதலாளி', 'அன்னையின் ஆணை' போன்ற படங்களுக்குப் பாடல் தந்தார். தாயின் பெருமையை அவர் பாடியபோது, எல்லாச் சமயத்தாரும் அதைத் தம் தாய்க்கான பாட்டாகவே ஏற்றுக்கொண்டனர்.

இவர்களுக்குப் பின் வந்த திரையில் நாம் எப்படித் தோன்றுகிறோம்? 'நம்பள், நிம்பள்' என்று தமிழைச் சிதைத்துப் பேசும் வேடிக்கை மனிதராக. கதாநாயகனுக்காக உயிர்விடும் நண்பராக. அல்லது துப்பாக்கி ஏந்தியவராக. வாப்பா, உம்மா என்றழைத்துக் கடற்கரைத் தமிழ் பேசும் ஒரு சாதாரணக் குடும்பத்தைத் திரையில் காண்பது அரிது. 2013-இல் 'விஸ்வரூபம்' படத்தை எதிர்த்து நம் அமைப்புகள் குரலெழுப்பின. சில இடங்களில் ஒலி நீக்கப்பட்ட பின்னரே அது தமிழ்நாட்டில் வெளியானது. எதிர்ப்புக்கு நியாயம் இருக்கலாம். ஆனால் ஒலியை நீக்குவது நம் குரலைச் சேர்ப்பதாகாது. அதற்கு எழுதுகிறவர்கள் வேண்டும்.

இந்த எண்ணம் நம் வீட்டுக்குள்ளேயே இப்போது சோதனைக்கு வந்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் பிள்ளை ஒருவர் திரைக்கதை எழுதக் கற்க விரும்புகிறார். உம்மா அழுதார், "ஊரார் என்ன சொல்வார்கள்?" என்றார். வாப்பா சில நாள் பேசவில்லை. பின்னர், "எழுத்து அமானிதம். பொய்யைக் கொண்டு யாரையும் இழிவுபடுத்தாதே. தொழுகையை விடாதே. ஹராமான காசு வீட்டுக்கு வரக்கூடாது" என்றார். ஒரு நீண்ட அமைதிக்குப் பிறகு, "எதை எழுதினாலும் உன் சொந்தப் பெயரைப் போட்டு எழுது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

சொந்தப் பெயரைப் போட்டு எழுதுகிறவர் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்க வேண்டும். வாப்பா கேட்டதும் அதைத்தான். உம்மாவின் கவலை இன்னும் தீரவில்லை. தீர வேண்டும் என்று நாமும் வற்புறுத்தவில்லை. அந்தக் கவலை அப்பிள்ளையோடு சென்னைவரை துணையாகப் போகட்டும். வல்ல நாயன் அப்பேனாவுக்கு நேர்மையைத் தருவானாக. ஆமீன்.