காஞ்சித் தறியும் கம்ப்யூட்டரும்

காஞ்சிபுரம் போகிறவர்கள் பெரும்பாலும் கோயில், பட்டுக்கடை என்று இரண்டு வேலைகளை முடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். சென்னையிலிருந்து சுமார் 75 கிலோ மீட்டர்தான். அடுத்த முறை போகும்போது மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயிலைப் பார்த்த கையோடு, பக்கத்தில் இருக்கும் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் கொஞ்ச நேரம் நடந்து பாருங்கள்.

தறிச் சத்தம்தான் முதலில் வரவேற்கும். காலை வேளையென்றால் தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவை விரித்துக் கட்டி, இழை இழையாகச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். கேட்டுக்கொண்டு உள்ளே போனால், தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிறவரைப் பார்க்கலாம்.

அப்படியே தறியின் தலைக்கு மேலே பாருங்கள். துளை போட்ட அட்டைகள் மாலை மாதிரி கோத்துத் தொங்கும். அதுதான் ஜக்கார்டு. துளை இருக்கும் இடத்தில் பாவு இழை மேலே எழும். இல்லாத இடத்தில் எழாது. ஊடை ஒருமுறை குறுக்கே ஓட ஓர் அட்டை. ஒரு மயில் முடிய 400 ஊடை வேண்டுமென்றால் 400 அட்டைகள்! பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. பின்னாளில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்குத் திட்டம் போட்டபோது, இந்தத் துளை அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். அந்த வகையில், கம்ப்யூட்டர் தறியிடம் பாடம் படித்த பிள்ளை.

அந்தப் பிள்ளை இப்போது தறிக்கே உதவிக்கு வந்திருக்கிறது. முன்பெல்லாம் டிசைனைக் கட்டம் போட்ட தாளில், கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டுவார்கள். பிறகு அதைப் பார்த்து அட்டையில் துளை போட வேண்டும். மயிலின் கழுத்தைக் கொஞ்சம் வளைக்க நினைத்தால்கூட மறுபடி வரைய வேண்டியதுதான். இப்போது கம்ப்யூட்டர் திரையிலேயே வளைக்கலாம், நிறம் மாற்றலாம். எலெக்ட்ரானிக் ஜக்கார்டு பொருத்திய தறிகளில் அட்டையே கிடையாது. பென் டிரைவில் டிசைன் வந்துவிடுகிறது.

அப்படியானால் நெசவாளர் எதற்கு?

எந்த இழை எழ வேண்டும் என்று மட்டும்தான் சாஃப்ட்வேர் சொல்லும். ஊடையை எவ்வளவு அழுத்தி அடிப்பது என்பது கையின் கணக்கு. அடி லேசானால், திரையில் வட்டமாக இருந்த ருத்ராட்சம் சேலையில் முட்டை வடிவத்தில் நீண்டுவிடும். காலையில் களைப்பில்லாத கையும் மாலையில் ஓய்ந்த கையும் ஒரே மாதிரி அடித்தாக வேண்டும். மழைக்காலத்தில் ஈரக் காற்று பட்டால் பாவின் விறைப்பு மாறும். அதற்குத் தகுந்தபடி கையும் மாற வேண்டும். இழை அறுந்தால் ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே அதைக் கண்டுபிடித்து முடிய வேண்டும்.

கோர்வை இன்னும் கஷ்டம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒவ்வொரு வரியிலும் உடல் ஊடையும் கரை ஊடையும் கைகோத்துக்கொள்ள வேண்டும். மூன்று நாடாக்கள் ஓடும். துணைக்கு இன்னொருவரும் பக்கத்தில் உட்கார வேண்டும். இழுத்துவிட்டால் கரை சுருங்கும், தளர்ந்தால் இடைவெளி விழும்.

டிசைன் வரைகிறவருக்கும் இதே கதைதான். துணியில் கட்டுப்படாமல் நீளமாக மிதக்கும் ஜரிகை, வளையலில் மாட்டி இழுபடும். அப்படிப்பட்ட இடங்களை சாஃப்ட்வேர் காட்டிக்கொடுக்கும். அழகு கெடாமல் அதை எங்கே கட்டுவது என்பது தறி தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. கைத்தறிக்குப் போகும் அதே டிசைன் விசைத்தறிக்கும் போகலாம். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-ல் சட்டமே வந்தது. ஆனாலும் விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விலைபோனால், அடிபடுவது குழியில் உட்கார்ந்திருப்பவரின் கூலிதான். கூலி கட்டுப்படியாகாத வீட்டில் பிள்ளைகள் தறிப்பக்கம் வரமாட்டார்கள். பிறகு எத்தனை டிசைன் கையில் இருந்தும் நெய்ய ஆள் எங்கே?

வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் கவனிக்கலாம். சில்க் மார்க் முத்திரை பட்டு அசல் என்பதற்குத்தான் சாட்சி; கையால் நெய்தது என்பதற்குக் கைத்தறி முத்திரையைப் பாருங்கள். "கோர்வையா?" என்று கேட்டு, சேலையைத் திருப்பி, கரை சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். கம்ப்யூட்டர் மிச்சப்படுத்தியது நெசவுக்கு முந்தைய நாட்களை. தறியில் உட்கார்ந்து நெய்யும் நாட்கள் குறையவில்லை. விலை பேசும்போது அந்த நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.