ஆளில்லாச் சரக்குக் கலம்

விண்வெளி வீரரின் துணிவை உலகம் போற்றுகிறது. நான் வியப்பதோ, அவருக்கு உணவு சுமந்து செல்லும் ஆளில்லாச் சரக்குக் கலத்தை.

பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் புவியைச் சுற்றுகிறது. அங்கே வயலும் இல்லை; கடைத்தெருவும் இல்லை. உணவு, உடை, மருந்து, எரிபொருள் அனைத்தும் புவியிலிருந்தே செல்ல வேண்டும். 1978 ஜனவரியில் சோவியத் நாட்டின் முதல் 'புரோகிரஸ்' கலம் சல்யூட்-6 நிலையத்தை அடைந்து இப்பணியைத் தொடங்கிவைத்தது.

இப்பணி எளிதன்று. 2014 அக்டோபர் முதல் 2015 ஜூன் வரை, எட்டு மாதங்களுக்குள் மூன்று சரக்குக் கலங்கள் அழிந்தன. இரண்டு அமெரிக்காவினுடையவை, ஒன்று ரஷ்யாவினுடையது. மூன்றாவது கலம் வெடித்தபோது நிலையத்தில் மூவர் இருந்தனர். அவர்கள் பசியால் வாடவில்லை. பல மாதங்களுக்கான உணவு முன்பே அங்குச் சேர்க்கப்பட்டிருந்தது. ஜூலை 5 அன்று மற்றொரு புரோகிரஸ் கலம் 2.5 டன்னுக்கு மேற்பட்ட பொருள்களுடன் வந்து சேர்ந்தது.

தில்லியில் வாழும் எனக்கு ஊரிலிருந்து அம்மா பருப்புப்பொடியும் ஊறுகாயும் அனுப்புவார். ஒருமுறை அப்பொதி வழியிலேயே தொலைந்தது. அம்மா புலம்பவில்லை, மறுநாளே மீண்டும் மிளகாய் வறுத்தார். விண்வெளி நிலையத்துக்கு அடுத்த கலத்தை அனுப்பியோரின் உறுதியை அதனால் என்னால் உணர முடிகிறது.

புரோகிரஸ் கலம் திரும்பி வருவதில்லை. சரக்கை இறக்கியபின் நிலையத்தின் கழிவுகளை ஏற்றிக்கொள்கிறது. வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்துவிடுகிறது. அது எரியும் வேளையில், அடுத்த கலத்திற்கான பொருள்களைப் புவியில் ஒருவர் அடுக்கிக்கொண்டிருப்பார்.